கடைசி வரியில் ஒரு நிலைப்பட்டை: டெர்ம்இன்ஃபோவோடு பட்ட பாடு

எங்கள் அலுவலகத்தில் பெரிய தரவுக் கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் பழைய சி நிரல் ஒன்று உண்டு. ஓட ஆரம்பித்தால் மணிக்கணக்கில் ஓடும். நடப்பதைச் சொல்லும் லாக் வரிகள் திரையில் கொட்டிக்கொண்டே இருக்கும். எவ்வளவு முடிந்தது, எவ்வளவு மிச்சம் என்று மட்டும் தெரியாது. திரையின் அடிவரியில் ஒரு நிலைப்பட்டை அசையாமல் நிற்க வேண்டும், லாக் அதற்கு மேலே வழக்கம்போல ஓட வேண்டும் என்று கேட்டார்கள். உபுண்டுவில் ஆப்ட் கட்டளை கொடுத்து எதையாவது நிறுவும்போது கீழே ஒரு பட்டை நிற்குமே, அந்த மாதிரி.

இதற்கு எல்லோரும் முதலில் சொல்வது என்கர்ஸஸ் என்ற திரை கையாளும் லைப்ரரி. ஆனால் அதை முழுதாக எடுத்துக்கொண்டால் அது திரை முழுவதையும் தன் வசமாக்கிக்கொள்ளும். வேலை முடிந்ததும் பழைய திரை திரும்ப வந்துவிடும், ஓடிய லாக் காணாமல் போய்விடும். மேலே உருட்டிப் பிழைகளைத் தேடுபவர்களுக்கு இது ஆகாது. எஸ்கேப் வரிசைகளை (கர்சர், நிறம் போன்றவற்றை மாற்றத் திரைக்கு அனுப்பும் சிறப்பு எழுத்துத் தொடர்களை) நிரலிலேயே எழுதிவிடலாம்தான். பாதி பேர் அப்படித்தான் செய்கிறார்கள். எழுதியவர் திரையில் அழகாக ஓடும், எடிட்டருக்குள் இருக்கும் ஷெல்லில் ஓட்டினால் குப்பையாக வரும். அதனால் என்கர்ஸஸ் லைப்ரரியின் அடித்தளத்தில் இருக்கும் டெர்ம்இன்ஃபோ (கட்டளைகள் ஓடும் எழுத்துத் திரையான டெர்மினலின் திறன்களைச் சொல்லும் தரவுத்தளம்) ஃபங்ஷன்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். செட்அப்டெர்ம், டிஐகெட்ஃபிளாக், டிஐகெட்நம், டிஐகெட்எஸ்டிஆர், டிபார்ம், டிபுட்ஸ். இந்த ஆறும் போதும்.

தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்வது நல்லது. ‘டெர்மினலின் திறன்களைக் கேட்பது’ என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, இந்த ஃபங்ஷன்கள் டெர்மினலிடம் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. டெர்ம் என்ற சூழல் மாறியில் என்ன பெயர் இருக்கிறதோ, அந்தப் பெயரில் டிஸ்கில் ஒரு கோப்பைத் தேடிப் படிக்கின்றன. லினக்ஸில் பெரும்பாலும் /யூஎஸ்ஆர்/ஷேர்/டெர்ம்இன்ஃபோ என்ற அடைவுக்குள், பெயரின் முதல் எழுத்தில் ஓர் உள்ளடைவு, அதற்குள் கோப்பு. மாப்பிள்ளையைப் பார்க்காமல் ஜாதகத்தை மட்டும் வைத்துக்கொண்டு கல்யாணம் பேசுவது மாதிரி. எனக்கு வந்த தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியிலிருந்து வந்தவைதான்.

இந்த ஏற்பாட்டுக்கு நியாயமான காரணம் இருந்தது. 1970களில் ஒவ்வொரு நிறுவனத்தின் டெர்மினலும் ஒவ்வொரு பாஷை பேசியது. பெர்க்லியில் விஐ எடிட்டரை எழுதிய பில் ஜாய், எல்லா டெர்மினலிலும் அது ஓட வேண்டும் என்பதற்காக டெர்ம்கேப் என்ற உரைக்கோப்பு முறையைக் கொண்டுவந்தார். அப்புறம் மேரி ஆன் ஹார்ட்டன் (அப்போது மார்க் ஹார்ட்டன்) அதைக் கம்பைல் செய்த வடிவில் டெர்ம்இன்ஃபோவாக மாற்றினார். டெர்ம்கேப்பின் ஈரெழுத்துப் பெயர்களோடு பழைய ஃபங்ஷன்களும் என்கர்ஸஸில் இன்னும் இருக்கின்றன. பழைய நிரலைப் பராமரிப்பவர் தவிர வேறு யாரும் அவற்றைத் தொட வேண்டியதில்லை.

சரி, செட்அப்டெர்ம். மூன்று மதிப்புகள் கொடுக்க வேண்டும்: டெர்மினலின் பெயர், வெளியீட்டின் ஃபைல் எண், பிழையைச் சொல்ல ஒரு பாயிண்ட்டர். பெயருக்கு நல் (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) கொடுத்தால் சூழல் மாறியிலிருந்து எடுத்துக்கொள்ளும். எடுத்துக்காட்டுகள் பலவற்றில் மூன்றாவதற்கும் நல் கொடுத்திருப்பார்கள். அதைப் பார்த்து அப்படியே போட்டுவிட வேண்டாம். அங்கே நல் இருந்து, பெயரும் கிடைக்காவிட்டால், செட்அப்டெர்ம் ஒரு பிழை வரியை எழுதிவிட்டு நிரலையே முடித்துவிடும். இரவில் க்ரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் கருவி) மூலம் ஓடும் வேலையில் டெர்ம் மாறியே இருக்காது. ஒரு நிலைப்பட்டைக்காக ராத்திரி வேலை முழுவதும் நின்றால் காலையில் யார் பதில் சொல்வது? பாயிண்ட்டர் கொடுத்தால் 1, 0, -1 என்று பதில் வரும். 1 என்றால் கிடைத்தது. 0 என்றால் அந்தப் பெயரில் பதிவு இல்லை, அல்லது இருப்பது பயன்படாத பொதுப் பதிவு. -1 என்றால் தரவுத்தளமே இல்லை. மெலிந்த கண்டெய்னர்களில் (ஒரு நிரலுக்குத் தேவையானதை மட்டும் கட்டிவைத்த சூழல்களில்) இது சகஜம். வெளியீடு உண்மையில் டெர்மினலுக்குத்தான் போகிறதா என்பதை ஐஸ்அட்டி கொண்டு முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் செட்அப்டெர்ம், 1 வந்தால் மட்டும் பட்டை என்று அமைத்தேன். மற்ற எல்லா நிலையிலும் நிரல் பழையபடி லாக் மட்டும் எழுதும்.

அடுத்து, கேள்வி கேட்கும் மூன்று ஃபங்ஷன்கள். இவற்றின் ‘இல்லை’ ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி. டிஐகெட்ஃபிளாக், திறன் இல்லையென்றால் 0, அப்படி ஒரு ஆம்-இல்லை திறனே கிடையாது என்றால் -1. டிஐகெட்நம், இல்லையென்றால் -1, அப்படி ஒரு எண் திறனே கிடையாது என்றால் -2. டிஐகெட்எஸ்டிஆர்தான் இவற்றில் ஆபத்தானது. இல்லையென்றால் நல், பெயரே தப்பு என்றால் -1 என்ற எண்ணையே பாயிண்ட்டராக வேஷம் கட்டி அனுப்பும். வந்தது நல்தானா என்று மட்டும் சோதிக்கும் நிரலில் அந்த -1 உள்ளே நுழைந்துவிடும். அதை நகலெடுக்கவோ நீளம் பார்க்கவோ போனால் செக்மென்டேஷன் ஃபால்ட், நிரல் அங்கேயே விழுந்துவிடும். திறனின் பெயரில் ஒரு எழுத்து இடம் மாறினாலே போதும், கம்பைலர் வாய் திறக்காது. இரண்டையும் ஒரே இடத்தில் வடிகட்டும் சின்ன ஃபங்ஷன் ஒன்றை எழுதி, மற்ற எல்லா இடத்திலும் அதையே அழைத்தேன். பைத்தானில் இதே வேலையைச் செய்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே இரண்டுக்கும் நன், அதாவது ‘ஒன்றுமில்லை’ என்றே வரும்.

டிஐகெட்எஸ்டிஆரில் கிடைத்த சரத்தை (எழுத்துத் தொடரை) அப்படியே திரைக்கு அனுப்ப முடியாது. கர்சரை நகர்த்தும் சரத்தை எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு குட்டி மொழியே இருக்கிறது. சதவீதக் குறியோடு ஐ வந்தால், முதல் இரண்டு எண்களோடும் ஒன்று கூட்டு. சதவீதக் குறியோடு பி1 வந்தால், முதல் எண்ணை அடுக்கின் மேல் வை. சதவீதக் குறியோடு டி வந்தால், மேலே இருப்பதை எடுத்து எண்ணாக எழுது. நாம் 23ஆவது வரி, 0ஆவது பத்தி என்று பூஜ்யத்திலிருந்து எண்ணிக் கொடுத்தால், டிபார்ம் அந்த விதிகளை ஓட்டி 24, 1 என்ற எண்கள் பதிந்த சரத்தைத் தரும். நிறத்துக்கான சரம் இன்னும் சுவாரசியம். 256 நிறப் பதிவில், எண் 8க்குக் கீழே இருந்தால் 3ஐ ஒட்டு, 16க்குக் கீழே இருந்தால் 8ஐக் கழித்துவிட்டு 9ஐ ஒட்டு, இல்லாவிட்டால் 38;5; என்று ஆரம்பி என நிபந்தனைகளே எழுதியிருக்கிறார்கள். இதைக் கைப்பட எழுதி வைப்பவர்கள் விட்டுவிடுவது அந்த நடுப் பகுதியைத்தான். டிபார்மில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: அது திருப்பித் தரும் இடம் அதன் சொந்த இடம். அடுத்த அழைப்பில் அது அழிந்துபோகும். இரண்டு முடிவுகள் ஒரே நேரத்தில் வேண்டுமானால் முதலாவதை நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

டிபுட்ஸ் எதற்கு, பிரிண்ட்எஃப் போதாதா என்று எனக்கும் தோன்றியதுண்டு. டெர்ம் மாறியை விடி100 என்று மாற்றி, திரையைத் துடைக்கும் சரத்தை பிரிண்ட்எஃப்பில் அனுப்பிப் பார்த்தேன். திரை துடைத்தது, இடது மூலையில் $<50> என்று எழுதியும் வைத்தது. கர்சரை நகர்த்தினால் $<5>, எழுத்தைத் தடிமனாக்கினால் $<2>. 1978இல் டெக் நிறுவனம் வெளியிட்ட விடி100க்குத் திரையைத் துடைக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் அடுத்த எழுத்தை அனுப்பினால் தவறிப்போகும். ஆகவே 50 மில்லிசெகண்ட் பொறு என்று பதிவிலேயே குறித்து வைத்தார்கள். டிபுட்ஸ் இந்தக் குறிப்பைப் படித்து, தேவையானால் லைன் வேகத்துக்கு ஏற்ப நிரப்பு எழுத்துகளை அனுப்பும், தேவையில்லை என்றால் குறிப்பை நீக்கிவிட்டு மீதியை மட்டும் அனுப்பும். இன்றைய மென்பொருள் டெர்மினலான எக்ஸ்டெர்மின் பதிவிலும் இப்படிக் காத்திருப்புகள் இருக்கலாம் என்று தேடினேன். திரை மினுங்கும் ஃபிளாஷ் திறனில் மட்டும் ஒன்று இருக்கிறது. அது வேகத்துக்காக அல்ல, மினுங்கல் கண்ணில் படுவதற்காக.

பட்டையை நிறுத்தும் வேலைக்கு உருளும் பகுதியைக் குறுக்கும் திறன் தேவை. முதல் வரியிலிருந்து கடைசிக்கு முந்தைய வரி வரை மட்டும் உருளட்டும் என்று சொல்லிவிட்டால் கடைசி வரி நம் கையில். அதில் ஒரு வம்பு உண்டு: இந்த வரிசையை அனுப்பியதும் விடி100 வழிவந்த டெர்மினல்கள் கர்சரை மேல் மூலைக்குக் கொண்டுபோய்விடும். அதனால் முதலில் கர்சரைச் சேமி, அப்புறம் பகுதியைக் குறுக்கு, அப்புறம் திரும்ப அழை. பட்டையின் கடைசிப் பத்தியில் எதுவும் எழுதாமல் விடுவதும் நல்லது. அங்கே எழுத்து விழுந்ததும் அடுத்த வரிக்குத் தாவுமா, காத்திருக்குமா என்பதில் டெர்மினலுக்கு டெர்மினல் வேறுபாடு உண்டு. கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்துபவர்களுக்காக, பகுதியைப் பழைய அளவுக்கு விரிக்கும் சரத்தை முன்கூட்டியே தயாரித்து வைத்து, சிக்னல் வந்ததும் ரைட் கொண்டு நேராக எழுதினேன். இல்லாவிட்டால் நிரல் போன பிறகும் ஷெல் ஒரு வரி குறைவான திரையில் மாட்டிக்கொண்டிருக்கும்.

கம்பைல் செய்யும்போது ஒரு வேடிக்கை. டெர்ம்.ஹெச் என்ற ஹெடர் கோப்பு லைன்ஸ், காலம்ஸ், டேப், பெல் போன்ற சாதாரணப் பெயர்களையெல்லாம் மேக்ரோவாக (கம்பைலுக்கு முன் வேறொன்றாக மாற்றப்படும் சொல்லாக) வைத்திருக்கிறது. எங்கள் பழைய நிரலில் வரிகளை எண்ணும் மாறியின் பெயரும் லைன்ஸ். சம்பந்தமே இல்லாத ஒரு ஸ்ட்ரக்சரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பிழை வந்தது. டெர்மினல் வேலையைத் தனி சி கோப்பில் ஒதுக்கி, அந்த ஹெடரை அங்கே மட்டும் சேர்த்ததும் சரியானது. லிங்கர் கேட்கும் டிஇன்ஃபோ லைப்ரரி சில டிஸ்ட்ரோக்களில் தனியாக இருக்கும். அதை மேக்ஃபைலில் சேர்த்தால் முடிந்தது.

பட்டை வந்ததும் அடுத்த ஆசை: மேல், கீழ் அம்புகளை அழுத்தி ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடலாம் என்பதைக் கூட்டிக் குறைக்க வேண்டுமாம். மேல் அம்புக்கான சரத்தை டிஐகெட்எஸ்டிஆரிடம் கேட்டால் எஸ்கேப், ஓ, ஏ என்கிறது. விசையை அழுத்தினால் வருவதோ எஸ்கேப், சதுர அடைப்புக்குறி, ஏ. பதிவு பொய் சொல்லவில்லை. விசைப்பலகையை ‘அனுப்பும் நிலை’க்கு மாற்றிய பிறகு வருவதைத்தான் அது சொல்கிறது. அதை மாற்றும் சரமும் பதிவிலேயே இருக்கிறது. முதலில் அதை அனுப்பினால் பேச்சு ஒத்துப்போகும். கிளம்பும்போது மறக்காமல் திருப்பி வைக்க வேண்டும். கையேட்டில் இந்த உறவை விளக்கும் வரி எங்கோ ஒரு மூலையில் கிடக்கிறது.

எல்லாம் முடித்துச் சர்வரில் போட்ட பிறகு பக்கத்து டீமிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். “அண்ணா, எல்லாருக்கும் பட்டை வருது, எனக்கு மட்டும் வரல.” “எக்கோ போட்டு டெர்ம் என்னன்னு பாருப்பா.” அவன் சொன்ன பெயர் எங்கள் சர்வருக்குத் தெரியாத பெயர். புதிதாக வந்த ஏதோ ஒரு டெர்மினலை லேப்டாப்பில் போட்டிருக்கிறான். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச், டெர்ம் மதிப்பைச் சர்வருக்குக் கடத்துமே தவிர அதற்குரிய கோப்பைக் கடத்தாது. அவன் லேப்டாப்பில், பதிவை உரையாகக் காட்டும் இன்ஃபோகம்ப் கட்டளையை எக்ஸ் விருப்பத்தோடு ஓட்டி, வெளியீட்டை எஸ்எஸ்எச் வழியே, உரையைக் கம்பைல் செய்யும் சர்வரின் டிக் கட்டளைக்குக் குழாய் போட்டால் போதும். நிர்வாகி அனுமதி இல்லாவிட்டால் டிக் அதை அவன் ஹோம் அடைவிலேயே வைத்துவிடும். கம்பைல் ஆன கோப்பை அப்படியே நகலெடுக்காமல் உரையாக அனுப்பச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மேக்கில் உள்ளடைவின் பெயர் முதல் எழுத்தாக இல்லாமல் அதன் பதினாறடிமான எண்ணாக இருக்கும். 2018இல் வந்த என்கர்ஸஸ் 6.1க்குப் பிறகு பெரிய எண்கள் உள்ள பதிவுகளுக்கு வேறு வடிவம் வந்துவிட்டது, பழைய லைப்ரரிக்கு அது புரியாது.

இவ்வளவு சுற்று எதற்கு, டெர்மினலிடமே நேரடியாகக் கேட்டுவிடலாமே என்று அந்தப் பையனே கேட்டான். கேட்கலாம். எஸ்கேப், சதுர அடைப்புக்குறி, சி என்று அனுப்பினால் ‘நான் இன்னார்’ என்று டெர்மினல் பதில் எழுதும். நிரலின் ஒரு தனிக் கிளையில் (சோதனைப் பிரதியில்) எழுதியும் பார்த்தேன். பதில் விசைப்பலகை வரும் அதே வழியாகத்தான் வருகிறது. அம்பு அழுத்தியதா, டெர்மினல் பேசியதா என்று பிரித்தெடுக்க வேண்டும். வீட்டிலிருந்து விபிஎன் வழியே ஓட்டியபோது நிரல் முடிந்த பிறகு பதில் வந்து சேர்ந்தது; ஷெல் ப்ராம்ப்டில் 1;2சி என்று யாரோ டைப் அடித்தமாதிரி நின்றது. பதிலே சொல்லாத டெர்மினலுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கும் நல்ல விடை கிடைக்கவில்லை. அந்தக் கிளையை இணைக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.