ஊருக்குப் போவதும் ஊழியம்தான்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம் என்று முடிவானதிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சே மாறிவிட்டது. யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று மனைவி எழுத ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகள் பெட்டியில் என்ன வைப்பது என்று இப்போதே சண்டை போடுகிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் உள்ளுக்குள் ஓர் உறுத்தல். வெளிநாட்டில் ஊழியத்துக்கென்று வந்தவன் பணித்தளத்தை விட்டு இத்தனை வாரம் போகலாமா?

அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஞாயிறு பள்ளியிலிருந்து நாங்கள் கேட்டு வளர்ந்த மிஷனரி வரலாறுகளில், திரும்பிப் போகாதவர்களுக்குத்தான் பெரிய இடம். 1793இல் வங்காளத்துக்கு வந்த வில்லியம் கேரி, 1834இல் செராம்பூரில் இறக்கும்வரை இங்கிலாந்துக்குத் திரும்பவே இல்லை. 1895இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல் 1951இல் டோனாவூரில் கண்மூடினார். அவரும் இடையில் ஒருமுறைகூட ஊர் போகவில்லை. இருவரையும் மனதார மதிக்கிறேன். ஆனால் அவர்கள் வாழ்ந்த விதத்தையே எல்லா மிஷனரிக்கும் அளவுகோலாக வைத்துவிடுகிறோம். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவை எடுத்துக்கொள்ளுங்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியவர், 1714இல் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். அவரோடு மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் போனார். சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. இங்கே நடக்கும் வேலையை அங்கே ஆதரித்தவர்களை நேரில் பார்த்துப் பேசினார், திருமணமும் செய்துகொண்டு அதே ஆண்டு தரங்கம்பாடிக்குத் திரும்பினார். 1719இல் அவர் ஆயுள் முடிந்துவிட்டது. அந்தப் பயணத்தை வீணான காலம் என்று யார் சொல்வார்கள்? அதைவிட எனக்கு மலையப்பன் நினைவுதான் அடிக்கடி வருகிறது. சீகன்பால்குவுக்கு ஊர் திரும்பும் பயணம், அவருக்கோ அதுதான் அந்நிய தேசம். அந்த நாட்களில் அவரிடம் தமிழில் பேச எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாட்டு மொழியில் பிரசங்கம் செய்கிறேன், துக்க வீட்டில் ஆறுதல் சொல்கிறேன், அலுவலகங்களில் விண்ணப்பம் கொடுத்து வாதாடுகிறேன். இருந்தாலும் ஒவ்வொரு வாக்கியமும் வாய்க்கு வருமுன் மனதுக்குள் ஒருமுறை சரிபார்க்கப்படுகிறது. நாள் முடியும்போது வரும் அலுப்பில் பாதி அதனால்தான். ஊரில் ஆலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, யாரோ தமிழில் ஜெபிக்க, நான் வெறுமனே 'ஆமென்' சொல்ல வேண்டும். நான் நடத்த வேண்டியிராத ஓர் ஆராதனை. இந்தக் கோடையில் நான் அதிகம் ஏங்குவது அதற்குத்தான்.

அப்புறம் அம்மா. வாரா வாரம் வீடியோவில் முகம் பார்க்கிறோம். இயேசு சபை மிஷனரி சவேரியார் 1546இல் இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவிலிருந்து எழுதிய கடிதத்தில், தோழர்கள் தங்கள் கைப்பட எழுதிய பெயர்களை அவர்களுடைய கடிதங்களிலிருந்து வெட்டியெடுத்துத் தன்னோடு சுமந்து திரிவதாகச் சொல்கிறார். அவரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வரச் சொல்லி சபைத் தலைவர் இஞ்ஞாசியார் எழுதியது 1553 ஜூனில். அவரோ 1552 டிசம்பரிலேயே சீனக் கரையோரத் தீவில் இறந்துவிட்டிருந்தார். அதோடு பார்த்தால் எங்கள் பிரிவு மிக லேசானது. ஆனாலும் அம்மா கையைக் கன்னத்தில் வைத்து மறைப்பது நடுக்கத்தையா, அழுகையையா என்று கைபேசித் திரையில் தெரிவதில்லை. "எப்பப்பா வர்ற?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், டிக்கெட் போட்டாயிற்று என்றதும் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, "எத்தனை நாள் இருப்ப?" என்று கேட்கிறார்.

பிள்ளைகளுக்கு நிலைமை வேறு. சின்னவனுக்கு நினைவு தெரிந்ததே இங்கேதான். அவனுக்கு இது ஊருக்குத் திரும்புவது அல்ல, விருந்தாளியாகப் போவது. தமிழ் ஏன் சரளமாக வரவில்லை என்று உறவினர்கள் யாரும் எல்லோர் முன்னாலும் அவனைக் கேட்காமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

சபைகளில் பேசுவதைப் பற்றித்தான் நிறைய யோசித்தேன். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 14ஆம் அதிகாரத்தில் பவுலும் பர்னபாவும் தங்களை அனுப்பிய அந்தியோகியா சபைக்குத் திரும்பி, எல்லோரையும் கூட்டி, தேவன் செய்ததையெல்லாம் சொல்கிறார்கள். அதன்பின் அங்கேயே வெகுநாள் தங்குகிறார்கள். சொன்னதைப் பற்றி எவ்வளவோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், தங்கியதைப் பற்றிக் கேட்டதே இல்லை. ஊர் வருகிற மிஷனரிக்குப் பத்து நிமிடமும் ஒரு திரையும் கொடுக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு வறுமைப் படங்களும் அதிசயக் கதைகளும்தான் வசதி. இங்குள்ளவர்கள் என் அயலார். அவர்களுடைய கஷ்டத்தை, அவர்கள் சம்மதம் இல்லாமல், காணிக்கை சேர்க்கும் படமாக்க எனக்கு மனம் வராது. அதனால் போதகரிடம் பேசி, மேடை நேரத்துக்குப் பதில் ஒரு மாலை முழுவதும் கேள்வி கேட்கும் கூட்டமாக வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறேன். வளராமல் நின்றுபோன வேலைகளையும் சொல்லப் போகிறேன்.

இங்கே நான் இல்லாத ஞாயிறுகளுக்குச் சபையாரே பொறுப்பைப் பிரித்துக்கொண்டார்கள். சபை தன்னைத் தானே தாங்கி, தானே ஆண்டு, தானே பரவ வேண்டும், மிஷனரி விலகிக்கொள்ள வேண்டும் என்று சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனரி சங்கத்தின் செயலாளராக இருந்த ஹென்றி வென் 19ஆம் நூற்றாண்டிலேயே வலியுறுத்தினார். படிக்கும்போது எளிதாக இருந்தது. சாவிக்கொத்தையும் கணக்குப் புத்தகத்தையும் கொடுக்கிற வேளையில் நெஞ்சு கொஞ்சம் கனத்தது. மூப்பர் ஒருவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அவசரம் என்றால் மட்டும் அழைக்கிறோம். நீங்களாக அழைக்காதீர்கள், உங்கள் தாயோடு இருங்கள்" என்றார். சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.