குளத்தின் கரை எது?

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படத்தில் ஒரு சென்ரிமீற்றர் என்பது அரைக் கிலோமீற்றர். திருகோணமலைப் பக்கத்து உப்புவெளியின் சின்ன ஒழுங்கைகளும் கரைவலை வாடிகளும் அதில் எப்படித் தெரியும்? அவற்றைச் சேர்க்கத்தான் வகுப்புப் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் வரைய விட்டோம். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய திட்டம் அது. யாரும் சேர்க்கலாம், யாரும் திருத்தலாம்.

அந்தத் திருத்தத்தில்தான் பாடமே இருக்கிறது. ஒரு பிள்ளை செய்மதிப் படத்தைப் பார்த்து ஒரு குளத்தின் கரையை வரைந்தாள். குளத்துக்குப் பக்கத்தில் வசிக்கிற பையன் ஏற்கவில்லை. "மார்கழியில வந்து பாருங்கோ மிஸ், தண்ணி றோட்டு வரைக்கும் நிக்கும்." இருவர் சொன்னதும் சரிதான். படம் வறண்ட மாதத்தில் எடுத்தது. கடைசியில் நிரந்தர நீர் எது, பருவகால நீர் எது என்று பிரித்துக் குறித்தார்கள். மார்கழி மழையைத் தரும் வடகீழ்ப் பருவக்காற்றைக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தபோது ஒருநாளும் இப்படி வாதாடியதில்லை!

அளவுத்திட்டம், குறியீடு எல்லாம் போகப்போக வந்துவிடும். தான் வரைந்த கோட்டை இன்னொருவர் மாற்றினால் கோபப்படாமல் காரணம் கேட்கிறார்களே, எனக்கு அதுதான் பெரிது.

அடுத்தது, கடற்கரையிலிருந்து மேட்டு நிலத்துக்குப் போகும் வழிகள். இவர்கள் 2004 சுனாமியைப் பார்க்காத பிள்ளைகள். அன்று எந்தப் பக்கத்தால் ஓடினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இருப்பவர்களே, மதில் கட்டி அடைபட்டுப்போன பாதைகள் ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள். அவற்றையும் குறிக்க வேண்டும்.