ஞாயிறு இரவுக்கும் தாங்குகிற வாள்ச்சண்டை

ஒரே கூத்தைச் சனி இரவும் ஞாயிறு இரவும் தொடர்ந்து போடுகிற குழுக்களுக்கு இது தெரிந்த கதைதான். சனிக்கிழமை எல்லாரும் ஒரு பயத்தோடு ஆடுவார்கள், ஒருவருக்கும் கீறல் விழாது. விரல் நசுங்குவதும் கிரீட முடி பறப்பதும் வாள் முறிவதும் ஞாயிறுதான். முதல் நாள் வாளில் விழுந்த வெட்டு, தோளில் ஏறின நோ, "நேற்று வடிவா வந்ததுதானே" என்ற துணிவு, மூன்றும் ஒரே இரவில் வந்து சேரும். சண்டையைப் பழக்கத் தொடங்கும்போதே ஞாயிறை நினைத்துத்தான் கட்ட வேண்டும்.

கலிபோர்னியாவில் 1963இல் தொடங்கி இப்போது பல இடங்களில் நடக்கிற மறுமலர்ச்சிக் காலச் சந்தைகளில், வாள்ச்சண்டைக்காரர் ஒரே நாளில் பல தடவை வெட்டவெளியில் மேடையேறுவார்கள். அவர்களிடம் நாங்கள் எடுக்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு நாளும் காட்சிக்கு முன்னர் சண்டை முழுவதையும் ஒருக்கால் மெதுவாக ஆடிப் பார்ப்பார்கள். எங்கள் பக்கம் சனிக்கிழமை மட்டும் பார்ப்போம், ஞாயிறு முகப்பூச்சோடு நேரம் போய்விடும்.

அந்த மறுமலர்ச்சிக் காலம் எங்களுக்கு அந்நியமும் இல்லை. யாழ்ப்பாணத்தை ஆண்ட இரண்டு சங்கிலியன்களின் கதையிலும் எதிரே நிற்கிற போர்த்துக்கேயன் அந்தக் காலத்து ஆள்தான். 1560இல் கொன்ஸ்தந்தீனு த பிரகன்சாவோடு வந்தவர்களிடமும், 1619இல் பிலிப் த ஒலிவேராவோடு வந்தவர்களிடமும் வெட்டவும் குத்தவும் உதவுகிற நேரான நீள வாள் இருந்தது. கதைக்குப் பொருத்தம் என்று அந்த ஒல்லி வாளைச் செய்து கொடுக்காதீர்கள். கூரான நுனி மேடைக்கு உதவாது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு, ஒரே உலோகம். வித்தியாசத்தைப் பிடியில் காட்டலாம்: போர்த்துக்கேயனுக்கு விரலை மூடுகிற வளையக் காப்பு, சங்கிலியனுக்கு அலங்காரப் பிடி.

ஒரே உலோகம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இரும்பு வாளோடு அலுமினிய வாள் மோதினால் இரண்டொரு ஒத்திகையிலேயே அலுமினியத்தின் விளிம்பு அரம்பப் பல்லாகிவிடும்.

எது நல்லது என்று கேட்டால், பழக்கம் குறைந்த பெடியங்களுக்கு அலுமினியப் பட்டை. 6 மில்லிமீற்றர் தடிப்பு, 32 மில்லிமீற்றர் அகலம், பிடிக்குள் போகிற பகுதியோடு சேர்த்து 90 சென்ரிமீற்றர் நீளம். இந்த அளவுப் பட்டை ஏறக்குறைய 470 கிராம் வரும், காப்பும் பிடியும் பூட்டினால் 700 கிராமுக்குக் கிட்ட நிற்கும். இதே அளவைச் சாதாரண இரும்பில் வெட்டினால் பட்டை மட்டுமே 1.35 கிலோ. பாட்டும் பாடி, சுற்றியும் ஆடி, அரை மணித்தியாலத்துக்குப் பிறகு அதைத் தலைக்கு மேல் தூக்கிச் சரியான இடத்தில் நிறுத்த ஒருவராலும் ஏலாது. லொறியின் வில்லுத் தகட்டைக் கம்மாலையில் அடித்துச் செய்கிற வாள் நல்லதுதான், ஓசையும் அருமை. ஆனால் பழுக்கக் காய்ச்சித் தோய்ச்சல் போட்டபிறகு திரும்ப நீல நிறம் ஓடும்வரை சூடாக்கி இளக்கியிருக்க வேண்டும். இளக்காத உருக்கு வளையாது, ஒடியும். ஒடிந்த துண்டு சனத்துக்குள் போகும்.

விளிம்பை மெல்லிசாக்காதீர்கள். 3 மில்லிமீற்றராவது விட்டு உருட்டுங்கள், நுனியை நாணயத்தின் வளைவுக்கு அராவுங்கள். பிடிக்குள் நுழைகிற இடத்தில் பட்டை ஒடுங்குகிற மூலை சதுரமாக இருந்தால் வெடிப்பு அங்கேதான் தொடங்கும். அந்த மூலையை வட்ட அரத்தால் வளைத்து எடுக்க வேண்டும். அலுமினியத்தில் காப்பை வெல்ட் பண்ணிப் பூட்டுவதும் பிழை, சூடு பட்ட இடம் மெதுமையாகி வளைந்துபோகும். துளையிட்ட காப்பைக் கோர்த்து, பிடிக்குள் இரண்டு பித்தளை ஆணி அறைந்தால் போதும். பிடிக்கு முதலில் சைக்கிள் ரியூப், மேலே பருத்தி நாடா. ரியூப் மட்டும் என்றால் வியர்வையில் வழுக்கும். வாள் பறக்காமல் மணிக்கட்டில் கயிறு கட்டுகிற யோசனை எல்லாருக்கும் வரும். வேண்டாம். கைதவறின வாள் கீழே விழுவது நல்லது, கயிற்றில் தொங்கிச் சுழன்றால் ஆடுகிறவரின் காலில்தான் படும்.

பலகை வாள் இன்னும் நல்ல வாள்தான். இழை நேராக ஓடுகிற பூவரசம் பலகை எடுத்து, வெள்ளித்தாள் ஒட்ட முன்னம் மெல்லிய பருத்தித் துணியைப் பசையோடு சுற்றினால், பிளந்தாலும் சிலாம்பு பறக்காது. ஓசை வராது என்பது குறையே இல்லை, தாளம் போடுகிறவர் கையில் அந்த வேலையைக் கொடுக்கலாம். அலுமினியமும் தகரம் மாதிரித்தான் கேட்கும், ஆகவே எப்படியும் அவரின் உதவி தேவை.

இனி ஆட்டம். வெட்டுகிறவர் கையை முழுதாக நீட்டி நின்றால், வாள் நுனிக்கும் எதிராளியின் உடம்புக்கும் இடையில் ஒரு சாண் இருக்க வேண்டும். ஒவ்வொரு அடியிலும் அந்தச் சாண் காப்பாற்றப்பட்டால், எதிராளி தடுக்க மறந்தாலும் வாள் காற்றில்தான் போகும். சண்டை சூடேறும்போது இரண்டு பேரும் தெரியாமலே கிட்டக் கிட்ட வருவார்கள். சாண் நான்கு விரலாகும். இதைத் தடுக்க ஒவ்வொரு நான்கு அடிக்கும் பிறகு ஒரு சுற்று விலகலை வைத்துக் கட்டுங்கள், தூரம் தானாகத் திரும்பும்.

தடுப்பு ஐந்து போதும், எண் சொல்லிப் பழக்குங்கள். ஒன்று இடப்பக்கம் கீழே, இரண்டு வலப்பக்கம் கீழே, இரண்டிலும் நுனி நிலம் பார்க்கும். மூன்று வலத்தோள், நான்கு இடத்தோள், நுனி வானம் பார்க்கும். ஐந்து தலை, வாள் கிடையாக, நெற்றிக்கு ஒரு சாண் மேலேயும் சற்று முன்னாலேயும். விரல் நசுங்குவது பெரும்பாலும் ஐந்தில்தான். கையைத் தலைக்கு நேரே வைத்துவிட்டு வாளின் நுனிப் பாதியால் தடுப்பார்கள், எதிர்வாள் சறுக்கிக்கொண்டு விரலுக்கு வரும். கை தோளுக்கு வெளியே நிற்க, காப்புக்குக் கிட்டவுள்ள பாதியில் அடி விழ வேண்டும்.

முகத்துக்கு நேரே குத்தும் இல்லை, முகத்தைக் குறுக்கே கடக்கிற வெட்டும் இல்லை. இதில் கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தாளம் எங்களுக்குள்ள பெரிய வசதி. மேல்நாட்டுக்காரர் கண்ணைப் பார்த்துச் சைகையால் செய்கிறதை நாங்கள் மத்தளத்தில் செய்யலாம். தகதிமி என்ற நான்கையும் பங்கிடுங்கள். த, கண் சந்திக்கும். க, வெட்டுகிறவர் வாளை ஓங்குவார். தி, தடுக்கிறவர் வாளை வைத்துவிடுவார். மி, வாள் சந்திக்கும். வெட்டு வந்தபிறகு தடுக்கிறதாகச் சனத்துக்குத் தெரியும், உண்மையில் தடுப்பு முன்னமே அங்கே நிற்கும். தி வந்தும் தடுப்பு வராவிட்டால் வெட்டுகிறவர் வாளை இறக்கக் கூடாது. குனிந்து தப்புகிற அடிக்கும் இதே கணக்கு: ஆள் முதலில் குனிவார், பிறகுதான் வாள் போகும்.

குழப்பம் வருவது மத்தளக்காரரால். சனம் விசிலடித்தால் அவருக்கும் உற்சாகம் ஏறும், காலம் ஏறும், தி என்ற இடம் காணாமல் போகும். ஒத்திகையில் கால்வாசி வேகம், அரைவாசி, முக்கால்வாசி என்று ஏற்றி, முக்காலில் நிறுத்தி, அதுதான் மேடை வேகம் என்று மத்தளக்காரரோடும் பேசி முடித்துவிடுங்கள். முழு வேகம் என்று ஒன்றே இல்லை. முழுச் சண்டைக்கும் பன்னிரண்டு முதல் பதினாறு அடி தாராளம். மிச்சத்தைப் போர்த் தருப் பாட்டும் சுற்றாட்டமும் பார்த்துக்கொள்ளும். இருபத்தைந்து அடி கேட்கிற அண்ணாவிமார் இருக்கிறார்கள், ஆனால் பத்துக்குப் பிறகு சனம் எண்ணுவதில்லை.

ஒத்திகையை நிறுத்த "நில்" என்று கத்தாதீர்கள். கூத்து வசனத்தில் ஒவ்வொரு ராசாவும் "நில்லடா" என்றுதான் வருவான், ஆர் உண்மையாகச் சொல்கிறார் என்று விளங்காது. "ஸ்ரொப்" நல்லது, எந்த ராசாவும் அதைச் சொல்லமாட்டான். மேடையில் மறதி வந்தால் இரண்டு பேரும் மூன்றடி பின்வாங்கி, வாளை நெஞ்சுக்கு நேரே பிடித்து, முன்னமே பேசிவைத்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். இப்படியான இடம் ஒரு சண்டைக்கு இரண்டாவது வேண்டும்.

உடுப்போடு ஆடிப் பார்க்காத சண்டை பழகாத சண்டை. தோளணி பெரிதாக இருந்தால் கை காதுக்கு மேல் எழாது, ஐந்தாம் தடுப்பு வராது. முடிக்கு நாடிப்பட்டி கட்டாயம். இடுப்புக்குக் கீழே விரிந்து நிற்கிற கரப்புடுப்பு அகலமென்றால் அந்தச் சாணைத் துணி விளிம்பிலிருந்து அளக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழ்வெட்டு துணியில் சிக்கும். தைத்த கண்ணாடித் துண்டு கழன்று மேடையில் கிடந்தால் வெறுங்காலுக்குத்தான் கேடு, ஆகவே சண்டைக்கு முந்தின காட்சி முடியக் கட்டியகாரன் ஒரு பகிடியோடு கூட்டிவிட்டுப் போகலாம். மேலே தொங்குகிற மைக் தலைவெட்டின் உயரத்தில் இல்லாமல் பாருங்கள். மேடை முன்விளிம்பிலிருந்து நான்கடி உள்ளே, இடமும் வலமுமாக மட்டும் வெட்டு. முன்னால் பாயில் சின்னப்பிள்ளைகள் இருப்பார்கள், சனத்தை நோக்கி ஒரு அடியும் போகக் கூடாது. பின்னிரவில் பனி விழும், பலகை ஈரமாகும். துடைக்க ஒரு சாக்கும் இரண்டு ஆளும் ஒதுக்குங்கள்.

சாகடிப்பதற்கு, ஒரு பக்கம் மட்டும் சனம் இருக்கிற மேடையில், வாளை உடம்புக்கு அப்பால், சனத்துக்குத் தெரியாத பக்கமாக, கமக்கட்டுக்கும் விலாவுக்கும் வெளியே விடலாம். மூன்று பக்கமும் சனம் என்றால் இந்த மாயம் தெரிந்துவிடும். அப்போது ஒரு முழம் தள்ளி நின்று வயிற்றுக்குக் குறுக்கே இழுத்துவிட்டு, சாகிறவர் மடங்குவதில் மிச்சத்தை விட வேண்டும்.

சனி ஆட்டம் முடிந்ததும் வாளைச் சாக்கில் போட்டுக் கட்டிவிடாதீர்கள். ஞாயிறு காலை ஒரு பஞ்சுத் துண்டால் விளிம்பை நீவுங்கள், பஞ்சு சிக்குகிற இடமெல்லாம் பிசிறு. அரத்தால் எடுத்து எமரித்தாளால் தேயுங்கள். பிடியின் நாடாவைக் கழற்றிக் காப்படியை மண்ணெண்ணெயால் நனைத்து, துடைத்து, வெண்கட்டித் தூளைப் பூசிச் சற்று விடுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். கோடு தெரிந்த வாளைத் திருத்தப் பார்க்க வேண்டாம், அது இனி இடுப்பில் தொங்கத்தான். இதற்காகவே இரண்டு பேருக்கு மூன்று வாள் செய்வது.

பின்னேரம், முகப்பூச்சுக்கு முன்னர், இரண்டு பேரையும் வாளை ஐந்தாம் தடுப்பில் பிடித்து இருபது எண்ணச் சொல்லுங்கள். கை நடுங்கினால் அன்றிரவு சண்டையைக் குறைக்க வேண்டும். எதைக் குறைப்பது என்று அப்போது யோசிக்கக் கூடாது, கட்டும்போதே நடுவில் கழற்றக்கூடிய, நான்கு வெட்டுகள் கொண்ட ஒரு துண்டை வைத்திருக்க வேண்டும். தலைவெட்டு எல்லாம் அந்தத் துண்டுக்குள்ளேயே இருக்கட்டும். மத்தளக்காரருக்கும் பிற்பாட்டுக்காரருக்கும் அதை அப்போதே சொல்லிவிடுங்கள்.