களிமண்ணில் ஒரு டிஎஸ் 19

பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் சேர்த்து கார் மாடல் செய்வதுதான் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். பிரான்ஸின் சிட்ரோயன் நிறுவனம் 1955-இல் கொண்டுவந்த டிஎஸ் 19 காரை மட்டும் அப்படிச் செய்ய மனம் ஒப்பவில்லை. அதன் வடிவத்தைத் தந்த பிளாமினியோ பெர்தோனி ஒரு சிற்பி. 1903-இல் இத்தாலியின் வரேசே நகரை ஒட்டிப் பிறந்தவர். காகிதத்தில் கோடு இழுப்பதைவிடக் கையால் பிசைவதையே நம்பியவர். 1934-இல் வந்த சிட்ரோயனின் டிராக்ஷன் அவான் காரின் மாதிரியை அவர் ஒரே இரவில் பிளாஸ்டிசீன் என்ற, காயாத செயற்கை மண்ணில் வடித்தார் என்ற கதை இன்றும் உலவுகிறது. அப்படிப்பட்டவரின் காரை அறிய வேண்டுமானால் நாமும் மண்ணைத் தொட வேண்டியதுதான் என்று இறங்கிவிட்டேன்.

பத்தில் ஒரு பங்கு அளவு என்று முதலிலேயே முடிவு செய்தேன். கணக்குப் போடும் வேலை மிச்சம். காரின் நீளம் சுமார் 4.8 மீட்டர், மாடலுக்கு 48 செ.மீ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3125 மி.மீ.; மாடலில் 31 செ.மீ.க்குச் சற்று மேல். அகலம் 17.9 செ.மீ. பலகை ஒன்றில் நடுக்கோடு போட்டு, அதன்மேல் தெர்மோகோல் துண்டுகளை உத்தேச வடிவில் ஒட்டி, மேலே இரண்டு விரற்கடை கனத்துக்கு மண் அப்பினேன். சாதாரணக் குயவர் களிமண் இதற்கு ஆகாது. காயும்போது சுருங்கி வெடிக்கும். கார் வடிவமைப்புக் கூடங்களில் பயன்படும் பழுப்பு நிற மண்ணில் தண்ணீரே கிடையாது, மெழுகும் எண்ணெயும்தான். 60 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் இளகும், ஆறினால் சுரண்டியால் சீவும் அளவுக்குக் கெட்டிப்படும். விலை கொஞ்சம் கடிக்கிறது. ஆனால் சீவி எடுத்ததை மறுபடி சூடாக்கிப் பயன்படுத்தலாம் என்பதால் வீண் போவதில்லை.

பலகையில் சக்கரங்களின் இடத்தைக் குறித்தபோதே இந்தக் காரின் ரகசியம் பாதி வெளிப்பட்டுவிட்டது. முன்சக்கரங்களுக்கு இடையே 15 செ.மீ., பின்சக்கரங்களுக்கு இடையே 13 செ.மீ. அசல் காரில் 1500, 1300 மி.மீ. முன்னும் பின்னும் இருபது சென்டிமீட்டர் வித்தியாசம் என்பது சாதாரணமல்ல. பின்டயர்களும் முன்டயர்களைவிட ஒல்லி. நான்கு புள்ளிகளையும் இணைத்தால் செவ்வகம் வரவில்லை. வாலை நோக்கிக் குறுகும் உருவம் வருகிறது. பக்கவாட்டுப் புகைப்படங்களை எவ்வளவு பார்த்தாலும் இது கண்ணில் படாது.

இந்த அளவுகளுக்குப் பின்னால் இருப்பவர் ஆந்த்ரே லெஃபெவ்ர் என்ற பொறியாளர். விமானப் பொறியியல் படித்தவர். விமானமும் காரும் செய்த காப்ரியேல் வாசின் நிறுவனத்தில் பழகியவர். எடையில் பெரும்பகுதி முன்னால் இருக்க வேண்டும், இழுக்கும் வேலையும் பிரேக் பிடிக்கும் வேலையும் முன்சக்கரத்துக்கே, பின்பகுதி லேசாகப் பின்தொடர்ந்தால் போதும் என்பது அவருடைய கொள்கை. காற்றைக் கிழிக்க வசதியாக வால் ஒடுங்க வேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது. பெர்தோனி இந்த எலும்புக்கூட்டின்மேல்தான் தோலைப் போர்த்தினார். டிஎஸ் காரைப் பார்த்தவுடன் ‘கற்பனை’ என்று வியப்பவர்கள் இந்த இரண்டு அளவுகளை ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது பக்கவாட்டு உருவம். கெட்டி அட்டையில் பாதி உருவத்தை வெட்டி, மண்ணின்மேல் வைத்து வைத்து ஒத்துப்பார்க்கும் வேலை. மாடல் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அட்டையை வெட்டப் புகைப்படத்தைப் பயன்படுத்தினால், தூரத்திலிருந்து எடுத்த படமாகப் பாருங்கள். கிட்டே நின்று எடுத்த படத்தில் டிஎஸ்ஸின் மூக்கு இன்னும் நீண்டு, வால் இன்னும் சிறுத்துத் தெரியும். ஏற்கனவே மிகையான காரை லென்ஸ் மேலும் மிகையாக்கிவிடும்.

மூக்கு இப்படி நீண்டதற்கு அழகு மட்டும் காரணமல்ல. காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைத்தான் இந்தக் காருக்கு முதலில் யோசித்தார்கள். எதிரெதிராகப் படுத்திருக்கும் சிலிண்டர்கள் கொண்டது. அது கைகூடவில்லை. கடைசியில் பழைய டிராக்ஷன் அவானின் 1911 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சினையே திருத்தி வைத்தார்கள். அது முன் அச்சுக்குப் பின்னால், பயணிகளின் கால்பகுதிக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. உலகமே எதிர்காலத்தின் கார் என்று கொண்டாடியதன் பானெட்டுக்குள் இருபது வருடப் பழைய எஞ்சின்! முன்சக்கரம் கதவிலிருந்து அவ்வளவு விலகி நிற்பது இந்த ஏற்பாட்டால்தான். அந்த இடைவெளியில் ஒரு மில்லிமீட்டரைக் குறைத்தாலும் மாடல் வேறு ஏதோ காராகிவிடுகிறது.

முகப்பில் கிரில் கிடையாது. காற்று பம்பருக்குக் கீழிருந்து நுழைகிறது. ஆகவே பானெட் தடையில்லாமல் வழிந்து இறங்குகிறது. இந்த இடத்தைத்தான் நான் அதிக நாள் தடவிக்கொண்டிருந்தேன். மண் பரப்பை ஈரப்படுத்தி, கண்ணாடிபோல் மின்னும் மெல்லிய படலத்தை ஒட்டி, அறையின் ட்யூப்லைட் அதில் எப்படி விழுகிறது என்று பார்ப்பது வழக்கமான சோதனை. ஒளிக்கோடு நெளியாமல் ஓடினால் பரப்பு சரி. ஹெட்லைட்டின் பக்கத்தில் தொடங்கிய கோடு மட்கார்டின் மேல் ஏறி, கதவில் மங்கி, பின்சக்கரத்துக்கு மேலே மறுபடி கூர்மையாகி வாலில் கரைய வேண்டும். ஹெட்லைட்டைத் தாண்டியவுடன் என் கோடு உடைந்துகொண்டே இருந்தது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்த இடத்தில் விரல் நுனி ஒரு மேட்டைச் சொன்னது. விளக்கை அணைத்துவிட்டு, கண்ணை மூடி உள்ளங்கையால் தடவித் தடவிச் சீவியபின்தான் கோடு ஓடியது. இந்த வேலையைச் சிற்பியிடம் கொடுத்தது ஏன் என்று அப்போது புரிந்தது.

கூரையில் வேறு விதமான வேலை. அசல் காரில் கூரை கண்ணாடியிழையால் ஆனது. தனியாக வைத்துப் பொருத்தப்படுவது. மேலே எடை குறைந்தால் காரின் ஈர்ப்பு மையம் தாழும். பானெட் அலுமினியம். வெளித்தகடுகள் எதுவும் காரைத் தாங்குவதில்லை. உள்ளே எஃகுக் கூடு தாங்குகிறது, மட்கார்டு, கதவு, டிக்கி எல்லாம் அதில் மாட்டிய ஆடைகள். பின் மட்கார்டை ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி உருவிவிடலாம். பின்சக்கரம் பாதி மறைந்திருப்பதால் பஞ்சர் ஆனால் அதைத்தான் செய்ய வேண்டும். தோலுக்குச் சுமை இல்லை என்றால் அதை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். பெர்தோனிக்குக் கிடைத்த சுதந்திரம் அது.

கூரை முடியும் இரு மூலைகளில் சிறு ஊதுகொம்புபோல நீட்டிக்கொண்டிருப்பவை பின் இண்டிகேட்டர்கள். கூரை விளிம்பு, மழைநீர் வாய்க்கால், பின்கண்ணாடியை ஒட்டிய தகடு மூன்றும் சந்திக்கும் சங்கடமான மூலை அது. மண்ணில் அந்த மூன்றையும் நேர்த்தியாகச் சந்திக்க வைக்க முயன்று பாருங்கள், முடியாது. பெர்தோனியும் முயலவில்லை, அங்கே ஒரு கொம்பைச் செருகி, அதையே காரின் அடையாளமாக்கிவிட்டார். பின்னால் வரும் வண்டிக்காரரின் கண்மட்டத்தில் விளக்கும் கிடைத்தது. காரிலேயே எனக்கு மிகப் பிடித்த அரை அங்குலம் இதுதான்.

மாடலை எந்த உயரத்தில் நிறுத்துவது என்பது மற்றக் கார்களில் எழாத கேள்வி. டிஎஸ்ஸில் சுருள்வில் இல்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் சிறு தேங்காயளவில் ஓர் எஃகு உருண்டை; உள்ளே ரப்பர் சவ்வு; ஒருபுறம் நைட்ரஜன், மறுபுறம் அழுத்தத்தில் எண்ணெய். சக்கரம் மேடேறினால் எண்ணெய் வாயுவை அமுக்கும், வாயு திருப்பித் தள்ளும். பட்டம் எதுவும் இல்லாமல் 1925-இல் 17 வயதில் சிட்ரோயனில் சேர்ந்த போல் மாஜெஸ் உருவாக்கிய முறை இது. எஞ்சினை நிறுத்திவிட்டால் கார் மெல்லத் தரையை நோக்கித் தாழும், கிளப்பினால் எழும். எத்தனை பேர் ஏறினாலும் ஓடும்போது உயரம் மாறாது. வால் தொங்காது என்ற உறுதி இருந்ததால்தான் பின்சக்கரத்தை அவ்வளவு தாழ மூடப் பெர்தோனி துணிந்தார் என்பது என் ஊகம். நான் ஓடும் உயரத்தையே எடுத்துக்கொண்டேன். தாழ்ந்த நிலை படத்தில் எடுப்பாக இருக்கும். ஆனால் தூங்குகிற காரை எதற்குச் செய்வது?

1955 அக்டோபரில் பாரிஸ் கிராண் பலே அரங்கில் இது முதன்முதலாக நின்றபோது, 15 நிமிடத்தில் 743 பேர் வாங்கப் பதிவு செய்தார்கள், நாள் முடிவதற்குள் 12,000 பேர் என்பது சிட்ரோயன் வரலாற்றில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1957-இல் மிலான் திரியென்னாலே என்ற வடிவமைப்புக் கண்காட்சியில் சக்கரங்களைக் கழற்றிவிட்டு உடலை மட்டும் சிற்பமாக வைத்தார்கள். நானும் சக்கரம் மாட்டுவதற்கு முன் அப்படி வைத்துப் பார்த்தேன். வேறெந்தக் காரையும் சக்கரம் இல்லாமல் வைத்தால் விபத்தில் சிக்கியதுபோல இருக்கும். இது அப்படியே நிற்கிறது. 1975 வரை ஏறத்தாழ 14.5 லட்சம் கார்கள் வெளிவந்தன.

மண் ஆறும் இடைவேளைகளில் அண்மைக்கால டிஎஸ் கார்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சிட்ரோயனின் கிளையாக இருந்து, 2014-இல் தனி ஆடம்பர பிராண்டாகப் பிரிந்தது டிஎஸ் ஆட்டோமொபைல்ஸ். சிட்ரோயன் சி3 நம் திருவள்ளூரில் தயாராகிறது; டிஎஸ் வண்டிகள் இந்தியாவுக்கு வரவில்லை. ஆகவே என் பார்வை படங்களையும் தொழில்நுட்ப விவரங்களையும் நம்பியது. கடிகாரப் பட்டையின் கண்ணிகளைப்போல் மடித்துத் தைத்த தோல் இருக்கை, கைக்கடிகார முகப்பில் செதுக்கும் கூம்புக் கோலங்கள், முத்துத் தையல் என்று உள்ளே கைவேலை கொட்டிக்கிடக்கிறது. முதலில் வந்த டிஎஸ் 7-இல் பூட்டைத் திறந்தால் ஹெட்லைட்டுகள் ஊதா ஒளியோடு சுழன்று வரவேற்றன. சாலையைக் கேமரா பார்த்துச் சொல்ல, சஸ்பென்ஷன் தன்னைத் திருத்திக்கொள்ளும். டிஎஸ் 9-இன் கூரை மூலையில் அந்தக் கொம்பு விளக்கே திரும்பி வந்திருக்கிறது.

வேலை நேர்த்தியை மறுக்கவில்லை. ஆனால் பழைய காரில் அலங்காரத்துக்காக என்று நான் வடித்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. டிஎஸ் 9-இன் கொம்பு எந்தச் சங்கடமான மூலையையும் மறைக்கவில்லை, நினைவுச்சின்னமாக நிற்கிறது. கேமரா சஸ்பென்ஷன்தான் உண்மையான வாரிசு. மாஜெஸ் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் திறந்து பார்த்திருப்பார். தோலையும் தையலையும்விட அதையே நிறுவனம் முன்னால் நிறுத்தியிருக்கலாம்.

இப்போது உடல் முடிந்து, கதவுக் கோடுகளைக் கீறிவிட்டேன். அடுத்து சிலிகான் அச்சு, பிறகு ரெசின் வார்ப்பு. பின் மட்கார்டுகளைத் தனியாக வார்த்து, சிறு காந்தத்தில் ஒட்டிக் கழற்றும்படி செய்யப்போகிறேன். ஷாம்பெயின் நிற உடலுக்குக் கத்தரிக்காய் நிறக் கூரை; தொடக்கக் கால வண்ணம் அது. அச்சு எடுத்தபின் இதே மண்ணின் மூக்கை மட்டும் சீவிவிட்டு, 1967-இல் பெர்தோனிக்குப் பின் வந்த வடிவமைப்பாளர் ரொபேர் ஒப்ரோன் மாற்றிய நான்கு விளக்கு முகத்தை வடிக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் உள்விளக்குகள் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்பி வளைவுக்குள் ஒளி பாய்ச்சும் முகம் அது. அந்தக் கண்ணாடிக்குச் சூட்டில் இழுத்து வடிவம் கொடுக்க மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு வாங்கியாயிற்று. விளக்கைத் திருப்பும் கம்பியை எங்கே ஒளிப்பது என்பதுதான் பாக்கி.