காந்தத்துக்குள் சுழலும் சதைத் துணுக்கு

மார்ச் 14, 2023, டர்பன்
திசுவில் என்னென்ன வேதிப்பொருள் இருக்கிறது என்று காந்தத்தால் காட்டும் என்.எம்.ஆர். கருவியில் இன்று முதல் மாதிரி. பெருங்குடல் அறுவையில் எடுத்த திசு, 15 மில்லிகிராம். நகக்கண்ணில் அடங்கிவிடும். சிர்கோனியா என்னும் பீங்கான் வகைக் குப்பியில் அடைத்து, ஒரு சொட்டுக் கனநீர் (கன ஹைட்ரஜன் கொண்ட நீர்) விட்டு, காந்தத்துக்குள் 54.7 பாகைச் சாய்வில் நொடிக்கு 5,000 சுற்று சுழற்றினோம். அந்தச் சாய்வில் சுழன்றால்தான் திரையில் தெரியும் வரைபடத்தின் மொத்தையான மேடு ஒடுங்கித் தனித்தனிக் கோடுகளாகப் பிரியும். வரைபட அச்சில் 3.2 பிபிஎம் என்ற இடத்துக்குப் பக்கத்தில் கோலின் என்னும் பொருளின் கோடு எழுந்து நின்றது. பெருகுகிற உயிரணு புதுச் சவ்வு கட்டத் தேடும் சரக்கு. திரையைவிட்டு எழவே மனமில்லை.

மார்ச் 16
மாலையில் லோட்ஷெட்டிங், முறைவைத்து மின்வெட்டு. காந்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, திரவ ஹீலியத்தில் குளிர்ந்த சுருளில் மின்னோட்டம் தானாக ஓடிக்கொண்டிருக்கும். சுழற்றும் காற்றுக்குத்தான் கம்ப்ரஸர் வேண்டும். பாதி அளவீடு போயிற்று.

மார்ச் 22
குளுக்கோஸ் சிதைவதில் உண்டாகும் லாக்டேட் மலைபோல் உயர்ந்திருந்தது. ஆக்சிஜன் இருந்தாலும் புற்றணு குளுக்கோஸை லாக்டேட்டாக்கும் என்று ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே காட்டியதுதான் என்று பூரித்தேன். அப்புறம் குறிப்புத் தாளைப் பார்த்தால், வெட்டியெடுத்த துண்டு நாற்பது நிமிடம் மேசையிலேயே கிடந்திருக்கிறது. ரத்தம் நின்றுபோனால் நல்ல சதையிலும் லாக்டேட் ஏறும். இதில் எது நோய், எது தாமதம்? அந்த மாதிரியை ஒதுக்கிவிட்டோம். யாரோ ஒருவர் நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. இரவு சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 29
திரவ நைட்ரஜன் குடுவையோடு அறுவை அறை வாசலில் நானே நின்றேன். வெட்டியெடுத்த நான்கு நிமிடத்தில் திசு உறைந்தது. ஒரே நோயாளியின் கட்டியிலிருந்து ஒன்று, தள்ளி நல்ல குடலிலிருந்து ஒன்று. கட்டியில் டாரின் என்னும் சிறு மூலக்கூறும் கோலினும் ஓங்கி, குளுக்கோஸ் வற்றிக் கிடந்தது. மற்றதில் குளுக்கோஸ் அப்படியே இருந்தது. இப்போது நம்பலாம்.

ஏப்ரல் 7
பெரிய வெள்ளி. மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயிலில் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் அத்தையைப் பார்த்தேன். "உன் மெஷின் இருந்தா டியூப் விட்டுப் பாக்கவேண்டாம்தானே கண்ணு?" என்றார்.

"இல்லை அத்தை. குடலுக்குள் டியூப் விட்டு எடுத்த துணுக்கைத்தான் நாங்கள் சுழற்றுவோம். அது கெடாமல் வெளியே வரும். அதையே சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிற டாக்டர் சொல்வதுதான் முடிவு" என்றேன்.

அவர் ஏன் கேட்டார் என்று அப்புறம்தான் உறைத்தது. மலத்தில் ரத்தம் போகிறதா என்றேன். கற்பூரத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு மாசமா."

செவ்வாய்க்கிழமை நானே கூட்டிப்போகிறேன்.