0.1% என்று அறிக்கையில் எழுதுவதற்கு முன்

சிஎம்எல் எனப்படும் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பரிசோதனை அறிக்கை வாங்குவார்கள். அதில் எல்லாரும் தேடுவது ஒரே ஒரு எண்: ரத்தத்தில் நோயின் மரபணுத் தடயம் எவ்வளவு மிச்சம் என்பது. சிகிச்சை தொடங்கி 3 மாதத்தில் 10%-க்குள், 6 மாதத்தில் 1%-க்குள், 12 மாதத்தில் 0.1%-க்குள் அது இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் மாத்திரையை மாற்றுவது பற்றிய பேச்சு தொடங்கும். அந்த எண்ணை, எல்லா ஆய்வகங்களுக்கும் பொதுவான சர்வதேச அளவுகோலில் தருவதற்கு ஒரு மூலக்கூறு ஆய்வகம் தயாராகும் வழியில் எங்கெல்லாம் கால் இடறும் என்பதை இதைச் செய்து பார்த்தவர்களாக எழுதுகிறோம். கருவி வாங்குவது இதில் மிகச் சுலபமான வேலை.

முதலில் பெயர்ச் சிக்கல். நோய்க்குக் காரணமான இணைவு மரபணுவின் பெயரில் ஒரு பாதி 'பிசிஆர்', மறுபாதி 'ஏபிஎல்'. அதை நகலெடுத்துப் பெருக்கி அளக்கும் முறையின் பெயரும் தமிழ் எழுத்தில் 'பிசிஆர்'தான்! குழம்பாமல் இருக்க, இனி பிசிஆர் என்றால் அளக்கும் முறை. மற்றதை 'இணைவு மரபணு' என்றே சொல்கிறோம்.

1960-இல் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் இந்த நோயாளிகளின் ரத்த உயிரணுக்களில் வழக்கத்தைவிடச் சிறிய ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதன் விளைவு அது என்று 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். ஒட்டிக்கொண்ட இடத்தில் உருவாகும் புரதம் அணையாத சுவிட்ச் மாதிரி, 'பெருகு பெருகு' என்று அணுவைத் தூண்டிக்கொண்டே இருக்கும். 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாடினிப் அந்தச் சுவிட்சைத்தான் அடைக்கிறது. நாங்கள் எண்ணுவது இணைவு மரபணுவிலிருந்து வரும் ஆர்என்ஏ பிரதிகளை. ஒப்பீட்டுக்காக அதே மாதிரியில் ஏபிஎல் மரபணுவின் பிரதிகளையும் எண்ணி, முதலாவதை இரண்டாவதால் வகுக்கிறோம்.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு: 100% என்றால் எல்லா அணுக்களும் நோயணுக்கள் என்று பொருளில்லை. ஐரிஸ் என்ற மருத்துவ ஆய்வில் சிகிச்சைக்கு முன் எடுத்த 30 பேரின் மாதிரிகளிலிருந்து கிடைத்த அடிப்படை மதிப்புக்கு 100% என்று பெயர் வைத்தார்கள். 0.1% என்பது அதிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்த நிலை. ஆகவே புதிதாகக் கண்டறியப்பட்டவருக்கு 60% வந்தாலும் 130% வந்தாலும் அதை வைத்து நோயின் கடுமையைச் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, ஏபிஎல் ப்ரைமர்கள் (எந்தப் பகுதியைப் பெருக்க வேண்டும் என்று பிசிஆருக்குக் காட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) இணைவு மரபணுவிலுள்ள ஏபிஎல் பகுதியையும் சேர்த்தே பெருக்கும். நோய் அதிகமாக இருக்கும்போது வகுக்கும் எண்ணும் கூடவே ஏறிவிடும். 10%-க்கு மேல் இந்த அளவுகோல் நேர்கோட்டில் நடக்காததற்கு அதுதான் காரணம்.

இனி ரத்தம். 10 மில்லிலிட்டர், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ உள்ள குழாயில். இன்னொரு உறைவெதிர்ப்பியான ஹெபாரின் உள்ள குழாயில் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், அது பிசிஆர் வினையையே முடக்கும். நன்றாகச் சிகிச்சை பெறுகிறவருக்கு ஒரு மைக்ரோலிட்டரில் 5,000 வெள்ளணுக்கள் என்றால் 10 மில்லிலிட்டரில் மொத்தம் 5 கோடி. வழியில் இழப்பதைக் கழித்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். 'நோயாளி பாவம், 3 மில்லி எடுத்தோம்' என்று அனுப்பினால் 'நுட்பமாகத் தேடியும் நோய் தெரியவில்லை' என்ற ஆழமான எதிர்மறை முடிவைச் சொல்லவே முடியாது. 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் வந்து சேர்ந்தால் நல்லது. 48 மணியைத் தாண்டினால் ஏபிஎல் எண்ணிக்கை சரிவது கண்ணுக்கே தெரியும். முழு ரத்தத்தை உறைய வைக்கவே கூடாது. ஐஸ் பொட்டலத்தில் குழாய் நேராகப் படும்படி கட்டி அனுப்புவதும் அதே தவறுதான், சிவப்பணு உடைந்து மாதிரி கருஞ்சிவப்பாக வந்து நிற்கும்.

சிவப்பணுக்களை உடைக்க 155 மில்லிமோலார் அம்மோனியம் குளோரைடு, 10 மில்லிமோலார் பொட்டாசியம் பைகார்பனேட், 0.1 மில்லிமோலார் ஈடிடிஏ சேர்ந்த கரைசல். ஒரு பங்கு ரத்தத்துக்கு நாலைந்து பங்கு ஊற்றி, ஐஸில் 10 முதல் 15 நிமிடம் வைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்ற வேண்டும். அடியில் படிவது இன்னும் சிவப்பாக இருந்தால் இன்னொரு முறை. ஃபிக்கால் என்ற அடர்த்திக் கரைசலின் அடுக்கில் பிரிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே அதை மறந்துவிட வேண்டும். அதில் ஒற்றைக்கரு அணுக்கள் மட்டும் மேலே தங்கும், கிரானுலோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் அடியில் போய்விடும். நமக்கு மொத்த வெள்ளணுக்களும் வேண்டும்.

படிந்த அணுக்களை, ஆர்என்ஏவைச் சிதையாமல் காக்கும் குவானிடின் தயோசயனேட் கரைசலில் கரைத்துவிட்டால் பாதி நிம்மதி. மைனஸ் 80 டிகிரியில் அந்தக் கரைசல் பத்திரமாக இருக்கும். கரைப்பதற்கு முன் அணுக்களை எண்ணுங்கள். 'பத்தி' என்று நாங்கள் சொல்லும், ஆர்என்ஏ பிரிக்கும் சிறு வடிகட்டிக் குழாய் ஒன்றுக்கு 1 கோடி அணுக்கள் என்பதுதான் எங்கள் வரம்பு. புது நோயாளிக்கு ஒரு மைக்ரோலிட்டரில் 2 லட்சம் வெள்ளணுக்கள் இருப்பது அபூர்வமில்லை. அவருடைய 10 மில்லிலிட்டரில் 200 கோடி! அதை அப்படியே ஊற்றினால் கஞ்சி மாதிரி கொழகொழவென்று பத்தியை அடைத்துக்கொள்ளும், ஆர்என்ஏ குறைவாகவும் அழுக்காகவும் வரும். 20 கேஜ் ஊசியில் ஐந்தாறு முறை உறிஞ்சித் தள்ளினால் டிஎன்ஏ இழைகள் அறுந்து கொழகொழப்பு குறையும், ஆனால் அளவோடு ஏற்றுவதற்கு அது ஈடாகாது.

ஆர்என்ஏவின் தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8-க்கும் 2.0-க்கும் இடையில் வந்ததும் பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். 260/230-ஐயும் பாருங்கள். குவானிடின் மிச்சமிருந்தால் அது படுத்துவிடும். பத்தியைக் கழுவிய பிறகு, காலியாக ஒரு நிமிடம் சுற்றி எத்தனாலை ஓட்டுவதும் கட்டாயம்.

அடுத்து சிடிஎன்ஏ, அதாவது ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுப்பது. ஐரோப்பிய ஆய்வகங்கள் கூடி 2003-இல் வெளியிட்ட பொது நெறிமுறையைப் பின்பற்றினால் தலைவலி குறைவு. 1 மைக்ரோகிராம் ஆர்என்ஏவை 70 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கி, ஐஸில் வைத்து, ரேண்டம் ஹெக்ஸமர்களும் (ஆறெழுத்துச் சிறு டிஎன்ஏ துண்டுகள்) படியெடுக்கும் நொதியும் சேர்த்து மொத்தம் 20 மைக்ரோலிட்டராக்க வேண்டும். அறை வெப்பத்தில் 10 நிமிடம், 42 டிகிரியில் 45 நிமிடம், 99 டிகிரியில் 3 நிமிடம். பிறகு தண்ணீர் விட்டு 50 மைக்ரோலிட்டராக்கி, ஒவ்வொரு பிசிஆர் குழிக்கும் 5 மைக்ரோலிட்டர், அதாவது 100 நானோகிராம் ஆர்என்ஏவுக்குச் சமமான அளவு. எங்கள் கணக்கில் இந்த முழுச் சங்கிலியிலும் அதிகம் ஆடுவது இந்தப் படிதான், பிசிஆர் அல்ல. நொதியின் புதுத் தொகுதி வந்தால், பழைய தொகுதி தீர்வதற்கு முன்பே இரண்டையும் ஒரே ஆர்என்ஏக்களில் ஓட்டி ஏபிஎல் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். தீர்ந்த பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது.

பிசிஆர் சலிப்பான பகுதி. 25 மைக்ரோலிட்டர் வினை, ப்ரைமர் 300 நானோமோலார், ப்ரோப் (ஒளிர்ந்து அளவைக் காட்டும் டிஎன்ஏ துண்டு) 200 நானோமோலார், 95 டிகிரியில் 15 நொடி, 60 டிகிரியில் 1 நிமிடம், இப்படி 50 சுற்று. பிரதி எண்ணிக்கை தெரிந்த மாதிரிகளை ஓட்டி வரையும் தரக்கோட்டின் சாய்வு மைனஸ் 3.32 என்றால் ஒவ்வொரு சுற்றிலும் சரியாக இரட்டிப்பு. மைனஸ் 3.2-க்கும் 3.6-க்கும் வெளியே போனால் அந்த ஓட்டத்தையே தள்ளுபடி செய்கிறோம்.

பயப்பட வேண்டியது தரக்கோட்டுக்கான பிளாஸ்மிட்டுக்குத்தான், அதாவது நாம் அளக்கும் மரபணுத் துண்டைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏவுக்கு. ஒரு மைக்ரோலிட்டரில் 10 லட்சம் பிரதிகள் இருக்கும் குழாயின் மூடியைத் திறந்த கையுறையோடு நோயாளியின் குழாயைத் தொட்டால், 3 பிரதிகளைத் தேடும் சோதனையில் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கலவை தயாரிக்கும் அறை, சிடிஎன்ஏ சேர்க்கும் அறை, பிளாஸ்மிட் திறக்கும் இடம் மூன்றும் தனித்தனி. மாதிரிகளையெல்லாம் சேர்த்து மூடிய பிறகே பிளாஸ்மிட்டைத் திறக்க வேண்டும். ஓடி முடிந்த தட்டைப் பிரிக்காமல் பையில் போட்டுக் கட்டி வெளியேற்ற வேண்டும். தண்ணீர் மட்டும் உள்ள குழியில் 38-ஆம் சுற்றில் ஒரு கோடு எழும்பினால் 'சும்மா, லேட்டாகத்தானே வந்திருக்கிறது' என்ற சமாதானம் வேண்டாம். அன்றைய தாழ்நிலை நேர்மறை முடிவுகள் எதற்கும் மதிப்பில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்னால், நோய் கண்டறியும் நாளிலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: இணைவு எந்த வகை என்று பார்ப்பது. பெரும்பாலானவர்களுக்கு இ13ஏ2 அல்லது இ14ஏ2, அதாவது பெயரின் முதல் பாதி மரபணுவின் 13-ஆம் அல்லது 14-ஆம் எக்ஸான் (மரபணுவின் ஒரு துண்டு) ஏபிஎல்லின் 2-ஆம் எக்ஸானோடு ஒட்டியது. பல ப்ரைமர்களை ஒன்றாகச் சேர்க்கும் பன்முக பிசிஆரில் முதலாவது 310, இரண்டாவது 385 கார இணை நீளத்தில் பட்டையாக விழும். இடையிலுள்ள 75 என்பது 14-ஆம் எக்ஸானின் நீளம். சிலருக்கு இ1ஏ2, இ19ஏ2, இன்னும் அபூர்வமாக ஏபிஎல்லின் 2-ஆம் எக்ஸானே இல்லாத இ13ஏ3, இ14ஏ3 வரும். வழக்கமான அளவீட்டுப் ப்ரைமர் அந்த 2-ஆம் எக்ஸானில்தான் உட்காருகிறது. ஆகவே இவர்களுக்குச் சோதனை அழகான பூஜ்யத்தைக் காட்டும், நோய் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். வேறு ஊரில் சிகிச்சை தொடங்கி இடையில் வருகிறவர்களிடம் பழைய வகை அறிக்கையைக் கேட்டு வாங்கியே தீர வேண்டும்.

எல்லாம் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பின்தான் சர்வதேச அளவுகோல். ஒவ்வோர் ஆய்வகத்தின் நொதியும் கருவியும் வேறு என்பதால் ஒரே மாதிரிக்கு ஓரிடத்தில் 0.08, இன்னோரிடத்தில் 0.2 வரலாம். அதைச் சரிக்கட்டுவதுதான் மாற்றுக் காரணி. இருபது முப்பது நோயாளி மாதிரிகளைக் கரைசல் நிலையிலேயே இரண்டாகப் பங்கிட்டு, ஒன்றை நாம் அளந்து, மற்றதை, ஏற்கெனவே சர்வதேச அளவுகோலில் அளக்கும் மேற்கோள் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அவை 10%-க்குக் கீழ் பல படிகளில் பரவியிருக்க வேண்டும், எல்லாம் 1%-ஐச் சுற்றியே இருந்தால் பயனில்லை. இந்தப் பரவல் கிடைக்கத்தான் மாதக்கணக்கில் காத்திருப்பு: 0.01% பக்கம் உள்ள மாதிரி கேட்டால் கிடைப்பதில்லை. ஆகவே முதல் நாளிலிருந்தே மிஞ்சும் கரைசலைச் சேமித்து வாருங்கள். அவர்கள் முடிவின் லாக்கிலிருந்து நம் முடிவின் லாக்கைக் கழித்து, அந்த வித்தியாசங்களுக்குச் சராசரி எடுத்து, அதன் எதிர்மடக்கையைக் கண்டால் காரணி வரும். சராசரி மைனஸ் 0.10 என்றால் காரணி 0.79. சில மாதம் கழித்து இரண்டாவது தொகுப்பு அனுப்பி அதே காரணி நிற்கிறதா என்று பார்த்த பின்பே அதற்கு மரியாதை. நொதி, ஆர்என்ஏ முறை, கருவி எதை மாற்றினாலும் பழைய காரணி செத்துப்போகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் மேற்கோள் தொகுப்போடு தொடர்புபடுத்திய அளவுத்திருத்த மாதிரிகளை வாங்கிப் பயன்படுத்துவது இப்போது குறுக்கு வழி. அந்தத் தொகுப்பு, இணைவு மரபணு உள்ள கே562 அணுக்களை, அது இல்லாத எச்எல்60 அணுக்களில் நீர்த்து உறையுலர்த்திச் செய்தது.

அறிக்கை எழுதும் கணக்கு இப்படி: இரட்டைக் குழிகளைக் கூட்டி ஏபிஎல் 48,000, இணைவு 12 பிரதிகள். விகிதம் 0.025%. 0.79-ஆல் பெருக்கினால் 0.020%. இது 0.1%-க்குக் கீழ், 0.01%-க்கு மேல். முதன்மை மூலக்கூறு மறுவினை (0.1%-க்குள்) உண்டு, எம்ஆர்4 (0.01%-க்குள்) இல்லை. இணைவு எதுவும் தெரியவில்லை என்றால் பேசுவது ஏபிஎல்தான். 10,000 பிரதிகளாவது இருந்தால் எம்ஆர்4, 32,000 இருந்தால் எம்ஆர்4.5 (0.0032%-க்குள்). 14,000 ஏபிஎல் வைத்துக்கொண்டு 'முழுமையாக மறைந்துவிட்டது' என்று எழுதுவது நோயாளியை ஏமாற்றுவது. 6,000 மட்டுமே வந்தால் முடிவே கிடையாது, புது ரத்தம் கேட்க வேண்டும். அந்தத் தொலைபேசி அழைப்பு யாருக்கும் பிடிக்காது.

0.02% என்றிருந்தவருக்கு அடுத்த முறை 0.04% வந்தால் பதற வேண்டாம், அந்த ஆழத்தில் 12 பிரதிகளும் 24 பிரதிகளும் பிப்பெட்டின் அதிர்ஷ்டத்துக்குள் அடங்கும். 0.1%-ஐத் தாண்டினால் கதை வேறு. முதலில் சேமித்த கரைசலிலிருந்து மீண்டும், பிறகு புது மாதிரியில். நோயாளி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று மருத்துவர் விசாரிப்பார். அதுவும் சரியாக இருந்து எண் ஏறினால்தான் ஏபிஎல் கைனேஸ் பகுதியின் (இமாடினிப் ஒட்டும் இடம்) மரபணு வரிசையைப் படித்து டி315ஐ போன்ற பிறழ்வைத் தேடுவது. டி315ஐ இருந்தால் இமாடினிப், டசாடினிப், நிலோடினிப் மூன்றும் பலிக்காது, பொனாடினிப் அல்லது அசிமினிப் பக்கம் போக வேண்டும். வரிசையைப் படிக்கும் சேங்கர் முறைக்கு ஐந்தில் ஒரு பங்காவது பிறழ்ந்திருந்தால்தான் கண்ணில் படும்.

ஆழமான நிலையில் பல வருடம் நின்று மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு முதல் 6 மாதம் மாதாமாதம், அடுத்த 6 மாதம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை. திரும்பும் நோய் பெரும்பாலும் அந்த முதல் 6 மாதத்தில்தான் திரும்பும். எண் 0.1%-க்கு மேல் ஏறினால் நாலு வாரத்துக்குள் மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்பதால், அறிக்கை 20 நாள் கழித்து வரும் ஆய்வகம் இந்த வேலையை ஏற்கவே கூடாது. இவர்களுடைய குழாய்களில் தனி நிற ஸ்டிக்கர் ஒட்டி, வாரத்தின் அடுத்த ஓட்டத்திலேயே ஏற்றிவிடுகிறோம்.