அந்தத் தவளை கேம் பேர் என்ன?

சின்ன டீம்கள் சொந்தமாகச் செய்யும் இண்டி கேம்களின் ட்ரெய்லர்களை வரிசையாக ஒளிபரப்பும் ஷோகேஸ்களுக்கு வெப்சைட் செய்வதுதான் கொஞ்ச காலமாக என் வேலை. ஒளிபரப்பு முடிந்த அடுத்த அரை மணி நேரத்தில்தான் அந்த சைட் தேறுமா தேறாதா என்று தெரியும். ஒரு மணி நேரத்தில் நாற்பது ஐம்பது ட்ரெய்லர் ஓடி முடிந்திருக்கும், பார்த்தவருக்கு ஒரு பெயரும் மனதில் நிற்காது, குடை பிடித்த தவளை ஒன்று மழையில் தபால் கொண்டுபோனதே, அது மட்டும் நிற்கும். அவர் தேடி வருவது அந்தத் தவளையைத்தான்.

முதலில் செய்த சைட்டில் கேம்களை அகர வரிசையில் அடுக்கியிருந்தேன். அன்று இரவு வந்த மெயில்களில் பாதி, "அந்தத் தவளை கேம் எது?" ரகம். பெயர் தெரிந்தவர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் நேரே தேடிக்கொள்வார், அவருக்கு நம் பக்கமே தேவையில்லை. அதனால் இப்போதெல்லாம் ஷோவில் வந்த வரிசையிலேயே போடுகிறேன். ஒவ்வொன்றுக்கும் ட்ரெய்லரில் மனதில் பதிகிற ஒரு காட்சி, வீடியோவில் அது வரும் நிமிடம், ஸ்டீமில் 'இது எனக்கு வேண்டும்' என்று குறித்து வைக்கும் விஷ்லிஸ்ட் பட்டன். வெறும் லோகோவை அனுப்பினால் வேறு படம் கேட்பேன். விஷ்லிஸ்ட்டில் சேர்த்தவருக்கு கேம் வெளியாகும் நாளில் ஸ்டீமே மெயில் அனுப்பும். விளம்பரத்துக்குக் காசில்லாத இரண்டு பேர் டீமுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

2012இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டே ஆஃப் தி டெவ்ஸ் மாதிரி நேரில் நடக்கும் விழாவில் மேசை முன் நின்று விளையாடலாம், செய்தவரிடமே பேசலாம். 2020இல் கொரோனாவால் அமெரிக்காவின் பெரிய கேம் கண்காட்சியான ஈ3 ரத்தாகி, ஷோக்கள் எல்லாம் திரைக்கு வந்தபோது அந்த மேசை போய்விட்டது. அந்த மேசையின் இடத்தில் இருப்பது இந்தப் பக்கம்தான் என்று நினைத்தே ஒவ்வொன்றையும் செய்கிறேன்.

அப்புறம் நேரம். அமெரிக்க மேற்குக் கரை நேரத்தை வருடம் முழுக்க பிஎஸ்டி என்றே எழுதிப் பழகிவிட்டார்கள், அது குளிர்கால நேரம், ஆனால் ஜூனில் அங்கே நடப்பது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிய பிடிடி. அங்கே காலை 10 மணி என்றால் நமக்கு ஜூனில் இரவு 10:30, டிசம்பரில் 11:30. அந்த ஓர் எழுத்தை நம்பி உட்கார்ந்தவர் ஷோவையே தவறவிடுவார். நேரத்தை உலகப் பொது நேரமான யூடிசியில் வைத்து, பார்ப்பவரின் பிரவுசரே உள்ளூர் நேரமாக மாற்றிக் காட்டும்படி செய்துவிட்டால் தீர்ந்தது.

ஒரே பக்கத்தில் ஐம்பது யூடியூப் பிளேயரை நேரடியாகப் போடவே கூடாது, சாதாரண போன் திணறிவிடும். முதலில் படம் மட்டும், தொட்டால்தான் வீடியோ.

எனக்கு இன்னும் வலிக்கிற ஒன்று உண்டு. ஒரு நிகழ்ச்சிக்காக, அதுவரை அறிவிக்காத ஒரு கேமை, பக்கத்தின் தோற்றத்தை மட்டும் மாற்றும் சிஎஸ்எஸ்ஸால் மறைத்து முன்கூட்டியே ஏற்றி வைத்திருந்தேன். யாரோ ஒருவர் பக்கத்தின் சோர்ஸை, அதாவது பின்னால் இருக்கும் கோடை, திறந்து பார்த்திருக்கிறார். படத்தின் ஃபைல் பெயரிலேயே கேமின் பெயர் இருந்தது. ஷோ தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே பெயர் பரவிவிட்டது. அந்த கேமைச் செய்தவர் இரண்டு வருடம் யாரிடமும் சொல்லாமல் காத்த ரகசியம், அவர் மெயிலில் கோபம்கூட இல்லை, "பரவாயில்லை" என்று ஒரே சொல். அதன் பிறகு ரகசிய கேம்களின் தகவல் எதுவும் ட்ரெய்லர் ஓடும் நிமிடம்வரை சர்வருக்கே போவதில்லை, படங்களின் பெயர்கூட வெறும் எண்கள்தான்.

ஷோ முடிந்தபின் சைட்டை அப்படியே கைவிட்டுவிடுவது பலருக்கு வழக்கம். அடுத்த வருடம் அதே முகவரியில் புதுப் பக்கம் ஏறும், பழைய கேம்களின் லிங்க் எல்லாம் செத்துவிடும். ஆனால் இவை வெளிவர மூன்று நான்கு வருடம்கூட ஆகும், தவளையைத் தேடி அப்போதும் ஆள் வரும். அதனால் ஒவ்வொரு வருடத்துக்கும் தனி முகவரி, டேட்டாபேஸ் இல்லாத, பராமரிக்க ஆள் இல்லாவிட்டாலும் நிற்கும் வெறும் எச்டிஎம்எல் பக்கங்கள். டொமைனுக்குப் பத்து வருடப் பணத்தை ஒரே தடவையில் கட்டச் சொல்லி ஒவ்வொரு அமைப்பாளரிடமும் கேட்கிறேன். சிலர் கட்டுகிறார்கள்.